காலில் உறைந்த ரத்தம் மூச்சை நிறுத்தியது எப்படி?

தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார் ஒருவர். காயம் ஆறி வருகிறது. வீட்டார் மகிழ்கிறார்கள். திடீரென்று மூச்சுத் திணறுகிறது. சிறிது நேரத்தில் உயிர் போய்விடுகிறது!

ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியானாலும் சரி, பெர்லின் நகரத்துப் பிரபுவானாலும் சரி, இந்த ஆபத்து ஒன்றுதான். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதே காரணம். அந்தக் கட்டி அங்கேயே உண்டாகிறது என்று டாக்டர்கள் நம்பிய காலம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று காட்டியவர் ருடால்ப் விர்க்கோ.

விர்க்கோ 1821-ம் ஆண்டு பிரஷ்யா நாட்டில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. படித்து டாக்டரான மகன், பெர்லின் ஆஸ்பத்திரியில் பிணங்களை அறுத்து ஆராய்ந்தார். நாய்களின் கழுத்து ரத்தக் குழாயில் சிறு ரப்பர் துண்டுகளை நுழைத்தார். பாவம், நாய்கள்! பிறகு அறுத்துப் பார்த்தார். துண்டுகள் நுரையீரலில் கிடந்தன! காலில் உறையும் ரத்தமும் இப்படியே பிய்த்துக்கொண்டு, ரத்த ஓட்டத்தோடு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது என்று தெரிந்தது.

கட்டி வரும் வழி தெரிந்தால் மறிக்கலாம் அல்லவா? வயிற்றிலுள்ள பெரிய ரத்தக் குழாயில் குடைக் கம்பி போன்ற சிறு வடிகட்டியைப் பொருத்தும் முறை 1960-களில் வந்தது. ஆனால் அது வழியில் நிற்கும் காவல்காரன்தான். கட்டி உண்டாவதை அது தடுக்காது. பிரான்சில் 400 நோயாளிகளை 8 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2005-ல் வந்தது. எல்லாருக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். வடிகட்டி வைத்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு நுரையீரலில் அடைப்பு. வைக்காதவர்களில் 15 பேருக்கு. நல்லதுதான். ஆனால் காலில் கட்டி வந்தது, வைத்தவர்களில் 36 பேருக்கு. வைக்காதவர்களில் 28 பேருக்கு! இறந்தவர்கள் கணக்கிலோ வித்தியாசம் இல்லை. அதனால் முதலில் மருந்து. மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கே பெரும்பாலும் வடிகட்டி. எடுக்கக்கூடிய வடிகட்டியானால், ஆபத்து நீங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று 2010-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னது.

விர்க்கோ ஆஸ்பத்திரியோடு நின்றவரல்ல. 1848-ல் விஷக் காய்ச்சல் பரவிய ஊருக்கு அரசாங்கம் அவரை அனுப்பியது. வறுமைதான் நோய்க்குக் காரணம் என்று அரசாங்கத்திடமே எழுதிக் கொடுத்தார்! அரசியலால் பெர்லினை விட்டுப் போக நேர்ந்தது. 1856-ல் திரும்பி வந்தார். நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று போராடி வென்றார்.

1902 ஜனவரியில், சென்னையில் 1953 வரை ஓடியதே, அதைப் போன்ற டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். வயது 80. முறிந்தது தொடை எலும்பு! மாதக்கணக்கில் அவதிப்பட்டார்.  இதயம் பலவீனமடைந்து, செப்டம்பர் 5-ந் தேதி காலமானார்.