குஸ்டாவ் ஸ்டிக்லி

குஸ்டாவ் ஸ்டிக்லி (மார்ச் 9, 1858 - ஏப்ரல் 1942) ஓர் அமெரிக்கத் தளபாட வடிவமைப்பாளரும், உற்பத்தியாளரும், இதழ் வெளியீட்டாளரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் கலை மற்றும் கைவினை இயக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். அலங்காரமற்ற, நேர்கோட்டு அமைப்புடைய ஓக் மரத் தளபாடங்களை, யார் செய்தவையாயினும், ஸ்டிக்லி என்று பொதுப்பெயரால் குறிக்கும் வழக்கம் இவரது குடும்பப் பெயரிலிருந்தே தோன்றியது.

இளமைக்காலம்

ஸ்டிக்லி, விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஒசியோலா என்னும் ஊரில், செருமனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஒரு கல்தச்சர். சிறுவயதிலேயே தந்தையுடன் அத்தொழிலில் ஈடுபட்டார். 1870களின் நடுப்பகுதியில் குடும்பம் பென்சில்வேனியாவிலுள்ள பிராண்ட் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தாய்மாமனின் நாற்காலித் தொழிற்சாலையில் மரவேலை கற்றார். 1883 ஆம் ஆண்டில் தம்பியர் சார்லசு, ஆல்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் இவர் விற்றவை, பழைய பாணிகளைப் பின்பற்றிய வழமையான தளபாடங்களே.

புதிய பாணி

ஆங்கிலச் சிந்தனையாளர்களான ஜான் ரஸ்கின், வில்லியம் மோரிஸ் ஆகியோரின் கருத்துக்கள் ஸ்டிக்லியை ஈர்த்தன. பொருளின் அழகு ஒட்டவைத்த அலங்காரத்தில் அன்றி, அதன் பயன்பாட்டிலும் அமைப்பிலும் இருக்கவேண்டும் என்பது இவரது கொள்கையாயிற்று. 1900 ஆம் ஆண்டில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் நடைபெற்ற வணிகக் கண்காட்சியில் புதிய வகைத் தளபாடங்களை அறிமுகப்படுத்தினார்.

இவற்றுக்குப் பெரும்பாலும் வெள்ளை ஓக் மரம் பயன்பட்டது. மரத்தை ஆரப்போக்கில் அறுத்ததனால் பலகைகள் எளிதில் கோணாமல் இருந்தன. மரத்தின் கதிர் இழைகளும் பட்டைபட்டையாக வெளித்தெரிந்தன. துளையும் கழுந்தும் கொண்ட மூட்டுக்கள் மறைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரியும்படி விடப்பட்டன. மரத்தை அமோனியா ஆவியில் வைத்தபோது, அதிலுள்ள தனின் வேதிவினைக்கு உட்பட்டுப் பழுப்பு நிறம் தந்தது. தச்சர்களின் கவராயமும், இயன்றவரை செய்வேன் என்னும் பொருள்படும் பிளெமியத் தொடரும் இவரது வணிகக்குறியாக விளங்கின.

1903 இல் இவரிடம் பணிக்குச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஹார்வி எல்லிஸ், இப்பாணிக்கு மெல்லிய வடிவங்களையும் உலோகப் பதிப்பு வேலைப்பாட்டையும் வழங்கினார். எல்லிஸ் 1904 சனவரியில் காலமானார்.

தி கிராப்ட்ஸ்மன் இதழ்

1901 அக்டோபரில் ஸ்டிக்லி தி கிராப்ட்ஸ்மன் என்னும் மாத இதழைத் தொடங்கினார். முதல் இதழ் மோரிசைப் பற்றியது. தொடக்ககாலக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை சிரக்கியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஐரீன் சார்ஜென்ட் எழுதினார். எளிய வீடுகளுக்கான 200-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் இவ்விதழில் வெளியாயின. சந்தாதாரர்கள் அவற்றை இலவசமாகப் பெறலாம். வீட்டிலேயே தளபாடம் செய்வோருக்காக அளவுகளுடன் கூடிய வரைபடங்களையும் ஸ்டிக்லி வெளியிட்டார். இதனால் இவரது பாணி, தொழிற்சாலைக்கு வெளியிலும் பரவியது.

போட்டியும் வீழ்ச்சியும்

விரைவில் பல நிறுவனங்கள் இப்பாணியை மலிவாகப் பின்பற்றத் தொடங்கின. அவற்றுள் இவருடைய தம்பியர் நிறுவனங்களும் அடங்கும். இவரிடம் மேற்பார்வையாளராக இருந்த லியோபோல்ட், மற்றொரு தம்பியான ஜான் ஜார்ஜுடன் சேர்ந்து பயெட்வில் என்னும் ஊரில் தனி நிறுவனம் அமைத்தார். ஒரே குடும்பப் பெயரில் பல நிறுவனங்கள் ஒத்த தளபாடங்களை விற்றமையால், அப்பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லாமற் போயிற்று.

1908 முதல் நியூ செர்சியில் நிலம் வாங்கி, சுமார் 650 ஏக்கர் பரப்பில் கிராப்ட்ஸ்மன் பார்ம்ஸ் என்னும் பண்ணையை ஸ்டிக்லி உருவாக்கினார். அங்கே சிறுவர்களுக்குத் தொழிற்கல்வி தரும் பள்ளி ஒன்றை அமைக்க விரும்பினார். ஆனால் பள்ளி திறக்கப்படவில்லை. 1913 இல் நியூயார்க் நகரில் 12 மாடிக் கட்டடமொன்றில் விற்பனைக் கூடங்களையும் உணவகத்தையும் தொடங்கினார். இதே காலத்தில் மக்களின் விருப்பம் குடியேற்றக்காலப் பாணியின் பக்கம் திரும்பியது. வருவாயை மீறிய விரிவாக்கத்தால் 1915 மார்ச்சில் திவாலானார். இதழ் 1916 டிசம்பருடன் நின்றது. பண்ணை 1917 இல் விற்கப்பட்டது. இறுதிக்காலத்தைச் சிரக்கியூஸ் நகரில் மகளின் குடும்பத்துடன் கழித்தார்.

மறுமலர்ச்சி

இவர் இறந்தபோது இவரது தளபாடங்கள் பெரிதும் மறக்கப்பட்டிருந்தன. 1972 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கண்காட்சி, கைவினை இயக்கத்தின்பால் மீண்டும் கவனத்தை ஈர்த்தது. 1988 இல், ஸ்டிக்லி தமது சொந்த வீட்டில் பயன்படுத்திய பாத்திர அலமாரி ஒன்றைப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கினார். கிராப்ட்ஸ்மன் பார்ம்ஸ் 1989 இல் பொதுவுடைமையாக்கப்பட்டது. 1990 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஸ்டிக்லி குடியிருந்த மரவீடு பின்னர் அருங்காட்சியகமானது.