சேலத்தில் ஒரு சிரிப்பு ஆலை!

குட்டீஸ்! ஒரே நடிகர் அண்ணன், தம்பியாக வந்து கலாட்டா செய்யும் படங்களை, 'டிவி'யில் பார்த்திருப்பீர்கள். இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது; சுலபம். 1940ல் எப்படி எடுத்திருப்பார்கள்?

லென்சில் பாதியை மறைத்து, நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் பிடிப்பர். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, அதே நடிகரை மறுபக்கம் நிறுத்தி, மறுபடி பிடிப்பர். கேமரா கொஞ்சம் அசைந்தாலும், பதில் பேச ஒரு நொடி பிந்தினாலும் போச்சு!

அந்த ஆண்டு, பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்து, 'உத்தம புத்திரன்' படத்தை எடுத்தவர், சேலம், 'மாடர்ன் தியேட்டர்ஸ்' முதலாளி டி.ஆர்.சுந்தரம். (சிவாஜி நடித்தது, 1958ல் வந்த வேறு படம்!)

இவர், 1907ல், திருச்செங்கோட்டில், நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஜவுளித் தொழில் படிக்க, இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். திரும்பி வந்தவர் நெசவாலை வைக்கவில்லை. சினிமா எடுக்கக் கிளம்பினார். ஆரம்ப காலத் தமிழ்ப் படங்கள் பல, கல்கத்தாவிலும், பம்பாயிலும் எடுக்கப்பட்டன. இவரோ, தன் ஊர்ப் பக்கமே ஸ்டுடியோ கட்டினார். முதல் படம், 'சதி அகல்யா' 1937ல் வந்தது. மறு ஆண்டே, மலையாளத்தின் முதல் பேசும் படம், 'பாலன்' இங்கே தயாரானது.

அந்நாளில், அமெரிக்காவின் ஹாலிவுட்டில் ஒரு வகைச் சிரிப்புப் படங்கள் சக்கைப்போடு போட்டன. வேஷம் போட்டு ஏமாற்றுவது, ஆள் தெரியாமல் மாட்டிக் கொள்வது, படபடவென்று வாய்ச்சண்டை... இவைதான் கதையே! நடிகர்களுக்கு அங்கே ஸ்டுடியோவே சம்பளம் கொடுத்தது. சுந்தரமும் அப்படித்தான். மாதச் சம்பளம் உண்டு. ஆனால், நேரத்துக்கு வர வேண்டும். ரொம்பக் கண்டிப்பு!

நாடகக் கம்பெனி வாழ்க்கையில் நாளைய சோறு நிச்சயமில்லை. அங்கிருந்து வந்த நடிகர்களுக்கு, மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்! காளி என்.ரத்தினம், சி.டி.ராஜகாந்தம் ஜோடி, இங்கேதான் ஊரைச் சிரிக்க வைத்தது. நாடகக் கம்பெனியில், சிறுவன் எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர் இந்த ரத்தினம்.

பிற்காலத்தில் வில்லனாக நம்மைப் பயமுறுத்திய எம்.என்.நம்பியார், 1950ல், 'திகம்பர சாமியார்' படத்தில் கதாநாயகன்! மொத்தம், 11 வேஷம். அதே ஆண்டு, எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கரை வரவழைத்து, 'மந்திரி குமாரி' படத்தை இயக்கச் சொன்னார். அதிலும் எம்.ஜி.ஆர்., உண்டு. 1956ல் வந்த, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர்., சண்டை போட, தங்கவேலுவும், சாரங்கபாணியும் சிரிக்க வைத்தனர்.

சுந்தரம், 1963ல் காலமானார். மகன் ராமசுந்தரம் சில காலம் படம் எடுத்தார். பின், ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்து விட்டன. ஏற்காடு போகும் சாலையில், அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்சில் போனால், ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ஒரு நொடியில் கடந்து விடும்!