ஓடை மீன்களைப் படித்த ஹோரா

வீட்டு மீன்தொட்டியில் ஓடை அயிரை வளர்க்க நினைக்கிறீர்களா? முதலில் சுந்தர் லால் ஹோராவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1896-இல் பஞ்சாபில் ஹபீசாபாத்தில் பிறந்தவர். லாகூரில் படித்து, கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மலையோடையின் வேகத்தில் சின்னஞ்சிறு மீன்கள் எப்படி அடித்துச் செல்லப்படாமல் இருக்கின்றன என்பதே அவரை ஈர்த்த கேள்வி. தட்டையான வயிறு, பக்கவாட்டில் விரிந்த துடுப்புகள். இவற்றால் பாறையோடு ஒட்டிக்கொள்கின்றன என்று விளக்கினார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன் பேரினம் ஒன்றுக்கு, 1920-இல் பவானி ஆற்றின் பெயரால் 'பவானியா' என்று பெயரிட்டவரும் அவரே. பின்னாளில் அத்துறையின் இயக்குநராக உயர்ந்து, 1955-இல் மறைந்தார்.

அவர் உழைப்பு நமக்குச் சொல்வது இதுதான்: இந்த மீனின் உடலே ஓடும் நீருக்காக அமைந்தது. தேங்கிய, சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. அதில் அது திணறும். ஆகவே வேகமாக நீரைச் சுழற்றும் பம்ப், பாசி படிந்த உருண்டைக் கற்கள், குளிர்ந்த நீர், இடைவெளியில்லாத மூடி ஆகியவை தேவை. மின்தடை நேரத்துக்கு பேட்டரி காற்று பம்பும் வேண்டும். இவற்றுக்கு வழியில்லை என்றால், அந்த மீனை வாங்காமல் இருப்பதே நல்லது.