மலைகளை அளந்த மருத்துவர்

பூகோள வகுப்பில் வரைபடத்தை விரித்ததும், மலை எங்கே, ஆறு எங்கே என்று நாம் நொடியில் காட்டிவிடுகிறோம். அந்தக் கோடுகளுக்காகக் காடுமேடெல்லாம் அலைந்தவர்களை நினைப்பதில்லை. அவர்களுள் ஒருவர்தான் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் யுங்ஹூன்.

இவர் 1809ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள மான்ஸ்ஃபெல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி மருத்துவம் பயின்றார். அவர் மனமோ செடிகொடிகளையே நாடியது. முன்கோபம் அவருக்குப் பகையாயிற்று. மாணவப் பருவத்தில் ஒருவருடன் துப்பாக்கிச் சண்டையில் இறங்கியதால் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து தப்பிப் பல இடங்களில் அலைந்தபின், 1835இல் டச்சுப் படையின் மருத்துவராக ஜாவாத் தீவை அடைந்தார்.

ஜாவா எரிமலைகள் நிறைந்த தீவு. அங்கே அடர்ந்த காடு மலையின் உருவத்தையே மறைத்துவிடும். கீழே நின்று பார்த்து அதை வரைய இயலாது. ஆகவே யுங்ஹூன் மலை மலையாக ஏறினார். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். பாரமானியில் பாதரசம் இறங்கும். அது இறங்கிய அளவைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். எரிமலை வாயின் விளிம்பில் நின்றும் படம் வரைந்தார். அவருக்காக வழி வெட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் ஜாவா நாட்டு மக்களே. அவர்கள் இல்லாமல் அந்தப் பணி நடந்திருக்காது. ஆயினும் அவர்கள் பெயர்களை இன்று யாரும் அறியார்.

உயரத்துக்கேற்பக் காடும் பயிரும் மாறுவதை யுங்ஹூன் கண்டார். 650 மீட்டர் வரை வெப்பம், 1,500 வரை மிதவெப்பம், 2,500 வரை குளிர், அதற்கு மேல் கடுங்குளிர் என நான்கு மண்டலங்களாக வகுத்தார். இந்தோனேசியப் பள்ளி மாணவர்கள் இன்றும் இதனை அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

உடல்நலம் குன்றி 1848இல் ஐரோப்பா திரும்பியபோதும் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஜாவாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1855இல் அத்தீவின் வரைபடத்தை நான்கு தாள்களில் வெளியிட்டார். பின் மீண்டும் ஜாவா சென்று, மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1864இல் தங்குபான் பராகு எரிமலையின் அடிவாரத்திலுள்ள லெம்பாங்கில் காலமானார். இறக்கும் வேளையில் தம் மலைகளைக் காண்பதற்காகச் சன்னலைத் திறக்கச் சொன்னாராம்.

தோழியரே, கோபத்தை அடக்க மாட்டாத இளைஞர் ஒருவர், ஆண்டுக்கணக்காகப் பொறுமையுடன் அளக்கும் அறிஞராக மாறினார். இளமையில் தவறியவருக்கும் இறைவன் ஒரு நற்பணியை வைத்திருக்கிறார் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அடுத்த முறை வரைபடத்தில் ஒரு மலையைத் தொடும்போது, அதில் ஏறியவர்களையும் சற்று எண்ணிப் பார்ப்போம்.