கைபிடித்த ஆசிரியை

ஹெலன் கெல்லரைப் புகழாதார் இல்லை. அவருக்குக் கற்பித்த ஆன் சல்லிவனை எத்தனை பேர் அறிவர் என்று கேட்கிறோம். 1866-ல் அமெரிக்காவில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். கண்ணோய் பார்வையை மங்கவைத்தது. 1876-ல் ஏழையர் விடுதி. உடன் வந்த தம்பி அங்கேயே மாண்டான். பார்வையிட வந்தோரிடம், படிக்க வேண்டுமெனக் கதறினார். பதினான்கு வயதில், பெயரெழுதவும் அறியாமல் பாஸ்டன் பள்ளி புகுந்தவர், 1886-ல் முதல் மாணவியாக வெளிவந்தார்!

மறு ஆண்டே அலபாமாவில் வீட்டாசிரியை வேலை. பார்வையும் செவியும் இழந்த ஆறு வயது ஹெலன், முரட்டுப் பிள்ளை. பரிதாபப்பட்டாரா? இல்லை, பாடம் சொன்னார். ஒரு கையில் பம்பு நீர் கொட்ட, மறு கையில் அதன் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். பொருளுக்கெல்லாம் பெயருண்டெனக் கண்ட சிறுமிக்குத் தன்னாலும் முடியுமென்ற துணிவு பிறந்தது.

கல்லூரியிலும் அருகமர்ந்து, பாடங்களை அவள் உள்ளங்கையில் சேர்த்தார் ஆன். 1904-ல் ஹெலனுக்குப் பட்டம் கிடைத்தது. அதே வகுப்பில் அமர்ந்திருந்த ஆசிரியைக்குக் கல்லூரி பட்டமேதும் தரவில்லை.