செஸ் ராஜா கபாபிளாங்கா

செஸ் என்றதும் நமக்கு விஸ்வநாதன் ஆனந்த் ஞாபகம்தான் வரும். நான் எழுதப்போவது அவருக்கு ரொம்ப முந்தைய கியூபா நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றி.

ஹோசே ரவுல் கபாபிளாங்கா 1888 நவம்பர் 19-ல் ஹவானாவில் பிறந்தார். அப்பா ஆடுவதைப் பக்கத்தில் நின்னு பார்த்தே நாலு வயசில் ஆட்டத்தைக் கத்துக்கிட்டாராம். 1901-ல் கியூபாவின் முன்னணி வீரர் கோர்சோவை ஜெயித்தபோது வயது 13. நம்ம எட்டாம் வகுப்புப் பசங்க வயசு!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1918-ல் நியூயார்க்கில் நடந்த ஆட்டம். எதிரில் அமெரிக்க வீரர் மார்ஷல், கருப்புக் காய். 8-வது நகர்த்தலில் மார்ஷல் நடுவில் ஒரு சிப்பாயை வெட்டுக்கு விட்டுட்டு, ராஜாவைத் தாக்கத் தயாரானார். எதிராளி வீட்டிலேயே எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கார் என்று கபாபிளாங்காவுக்குப் புரிந்துவிட்டது. நானா இருந்தா தொட்டிருக்க மாட்டேன். அவர் வெட்டினார்! பிறகு ஒவ்வொரு தாக்குதலுக்கும் அங்கேயே உட்கார்ந்து பதில் கண்டுபிடித்து, 36-வது நகர்த்தலில் ஜெயித்தார். பலகையில் காய் வெச்சு ஆடிப் பாருங்க, பயமா இருக்கும். இதை மார்ஷல் பல வருஷம் ஒளித்து வைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. இதே மாதிரி சிப்பாய் கொடுத்து 1917-லேயே அவர் ஆடியிருக்கார். இன்றைக்கும் அந்த ஓப்பனிங்குக்கு மார்ஷல் அட்டாக் என்றே பெயர். தோத்தவர் பேருதான் நின்னுச்சு!

1921-ல் லாஸ்கரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். 1916-லிருந்து எட்டு வருடம் தோல்வியே இல்லை. 1924-ல் ரெட்டி என்பவர் முதலில் குதிரையை நகர்த்தும் புது ஓப்பனிங்கால் அதை முறித்தார்.

1927-ல் அலெகைன் பட்டத்தைப் பறித்தார். அதற்கு முன்பு அவர் கபாபிளாங்காவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை! 34 ஆட்டங்கள் நடந்தன. மறுபடி ஆடக் கபாபிளாங்கா எவ்வளவோ கேட்டார். சாம்பியனோடு மோத 10,000 டாலர் திரட்டணும் என்று 1922-ல் அவரே கொண்டுவந்த விதியைக் காட்டினார் அலெகைன். அந்தப் போட்டி நடக்கவே இல்லை.

1942 மார்ச் 7 அன்று நியூயார்க் செஸ் கிளப்பில் மயங்கி விழுந்தார். மறுநாள் விடிகாலை இறந்தார். அவரிடம் பட்டத்தை இழந்த லாஸ்கரும் முந்தின வருடம் அதே ஆஸ்பத்திரியில்தான் இறந்திருந்தார்.