வானியல் அறிஞர் வைணு பாப்பு

ஹப்சிகுடாவின் தெருவிளக்குகளுக்கு நடுவே நின்று இரவு வானத்தை அண்ணாந்து பார்ப்பவர், விரல்விட்டு எண்ணத்தக்க விண்மீன்களையே காண்பர். நூறாண்டுகளுக்கு முன் ஐதராபாத்தின் வானம் இவ்வாறு இல்லை. நகரின் மேற்கே பேகம்பேட்டையில் நிஜாமியா வானாய்வகம் இயங்கிவந்தது. நவாப் ஜாபர் ஜங் என்னும் செல்வர் 1901 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நிலையம், 1919 இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. உலக நாடுகள் பல ஒன்றுகூடி வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன் பட்டியல் தயாரித்தபோது, அதில் ஒரு பங்கை இந்நிலையம் ஏற்றுக்கொண்டு, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து குறித்தது. கணிப்பொறி இல்லாத காலத்தில் இது எளிய பணியன்று.

அந்நிலையத்தில் பணியாற்றியவர்களுள் ஒருவர், கேரளத்தின் மலபார்ப் பகுதியிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து வாழ்ந்த மலையாளி. அவருடைய மகனே வைணு பாப்பு. 1927 ஆகஸ்டு 10 அன்று சென்னையில் பிறந்த அவர், ஐதராபாத்திலேயே வளர்ந்தார். வீட்டில் பேசியது ஒரு மொழி. தெருவில் கேட்டது வேறு மொழிகள். தந்தையின் பணியிடமே அவருக்கு இரண்டாவது பள்ளியாயிற்று. நிஜாம் கல்லூரியில் பயிலும்போதே மாறொளி விண்மீன்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். சில நாள் ஒளி கூடியும் சில நாள் குறைந்தும் தோன்றும் விண்மீன்களே மாறொளி விண்மீன்கள். அவற்றை ஆராய்பவர் இரவு தவறாமல் விழித்திருந்து ஒளியை மதிப்பிட வேண்டும். அந்தப் பொறுமை இளமையிலேயே அவருக்கு வாய்த்திருந்தது.

ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, 1949 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே, அதே ஆண்டு ஜூலைத் திங்களில், தாம் எடுத்த ஒளிப்படத் தட்டு ஒன்றில் பட்டியலில் இல்லாத ஓர் ஒளிப்பொருளைக் கண்டார். அது ஒரு புதிய வால்மீன். ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கோர்டன் நியூகர்க் ஆகியோரும் அதனை ஆராய்ந்து உறுதிசெய்தனர். எனவே அதற்கு பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று பெயரிட்டனர்.

வால்மீனைக் காண்பதில் அத்தனை சிறப்பு என்ன? சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், வளிமமும் தூசும் நிறைந்த மாபெரும் முகில் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிச் சுழன்றது. அதன் நடுப்பகுதி சூரியனாயிற்று. சுற்றிலும் தட்டுப்போல் பரந்திருந்த பொருள்கள் ஒன்றோடொன்று மோதித் திரண்டு கோள்களாயின. கோள்களில் சேராமல் எஞ்சிய பனியும் தூசும் கலந்த உருண்டைகளே வால்மீன்கள். வீடு கட்டி முடித்தபின் முற்றத்தில் கிடக்கும் மணலையும் செங்கல் துண்டுகளையும் கண்டு, எவற்றைக்கொண்டு வீடு கட்டினர் என்று அறியலாம் அல்லவா? வால்மீன்களும் சூரியக் குடும்பத்திற்கு அத்தகைய எச்சங்களே. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, வாலாக நீள்கிறது.

1952 இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கலிபோர்னியாவில் ஓலின் வில்சன் என்னும் அறிஞரோடு இணைந்து ஆராய்ந்தார். இருட்டில் ஒரு விளக்குத் தெரிகிறது என்று கொள்வோம். அது அருகிலுள்ள அகல்விளக்கா, தொலைவிலுள்ள பெருவிளக்கா என்பது கண்ணுக்குப் புலப்படாது. விண்மீன்களிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் உண்மையான ஒளித்திறன் தெரிந்தால்தான் தொலைவைக் கணக்கிட இயலும். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும்போது, கால்சியத்திற்குரிய ஊதா நிறக் கோடு ஒன்று தோன்றும். சூரியனைப்போன்ற விண்மீன்களிலும் அவற்றைவிடக் குளிர்ந்தவற்றிலும் இருண்ட அக்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று உண்டு. அக்கீற்று அகலமாக இருந்தால் விண்மீனின் ஒளித்திறன் மிகுதி; குறுகியிருந்தால் ஒளித்திறன் குறைவு. 1957 இல் வெளியான இக்கண்டுபிடிப்பு வில்சன்–பாப்பு விளைவு என்று வழங்கப்படுகிறது. அண்டம் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி விரிந்துவருகிறது என்னும் இன்றைய கணிப்புக்கு, விண்மீன்களின் தொலைவை அளக்கும் இத்தகைய பல வழிகள் படிக்கட்டுகளாக உதவியுள்ளன.

பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் அன்று மேலைநாடுகளில் இருந்தன. அங்கேயே தங்கியிருந்தால் அவருக்கு ஆராய்ச்சி வாய்ப்புகள் குறைவின்றிக் கிடைத்திருக்கும். ஆயினும் 1953 இல் தாயகம் திரும்பினார். உத்தரப் பிரதேச வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, வாரணாசியில் தொடங்கப்பட்ட அதனை மலைநகரான நைனிதாலுக்கு மாற்றினார். 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் சூரியனை ஆராயப் பெயர்பெற்ற இடம். ஆனால் அங்கு இரவில் முகில் மூடும் நாள்கள் பல. விண்மீன்களை நோக்க வேறு இடம் தேவைப்பட்டது. பல மலைகளையும் ஆராய்ந்தபின், வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், சந்தன மரக் காட்டினிடையே உள்ள காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். நகர விளக்குகளின் ஒளி அங்கு எட்டவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1968 இல், கொடைக்கானல் பணிமனையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு காவலூரில் பணி தொடங்கியது. பெரிய கருவி வரட்டும் என்று காத்திராமல் சிறிய கருவியோடு தொடங்கியது அவருடைய இயல்பு. 1972 இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் நிகழ்வை உலகின் பல இடங்களில் உற்றுநோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி நொடிப்பொழுது மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தனர். முதலில் அது புதிய துணைக்கோள் என்றே அங்கு கருதப்பட்டது. பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சனிக்கு இருப்பதைப்போல யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று.

இதனிடையே 1971 இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தனி அமைப்பாகி, பின்னர்ப் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்க வேண்டும் என்று பாப்பு முனைந்தார். அத்தனை பெரிய ஆடியைத் தேய்த்து மெருகேற்றிய முன்அனுபவம் இந்நாட்டில் எவருக்கும் இல்லை. தலைமுடியின் தடிமனில் சில நூற்றில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் விண்மீனின் உருவம் கலங்கிவிடும். விலைக்கு வாங்குவதே எளிது. எனினும், செய்து பழகினாலன்றிச் செய்யும் திறன் வாராது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

1979 இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1982 ஆகஸ்டில் அவ்வொன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டின் பாத்ராஸ் நகரில் கூடியது. தலைமை ஏற்க வேண்டிய பாப்பு, இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். ஆகஸ்டு 19 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவர் கனவு கண்ட தொலைநோக்கி அன்று நிறைவடைந்திருக்கவில்லை.

அவருடன் உழைத்தவர்கள் அப்பணியை முடித்தனர். 1986 சனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி, காவலூர் வானாய்வகத்திற்கும் அப்பெருந்தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். சூரியனைச் சுற்றிவரும் 2596 ஆம் எண் சிறுகோளும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.